கரிகிரியில் ஒரு ஜோடி செருப்பு

வாலாஜா ரோடு தாண்டியதுமே எதிர் சீட்டுப் பெரியவர் எக்ஸ்ரே உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இன்னும் மூன்று ஸ்டேஷன் இருக்கிறது என்று விரல் காட்டினேன். தலையாட்டினாரே தவிர, உறையைக் கீழே வைக்கவில்லை. மேற்கு வங்காளத்திலிருந்து கிளம்பி, சென்ட்ரலில் வண்டி மாறி வந்தவர்கள். ஜன்னலோரம் அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். காட்பாடி வழியாகப் போகும் எந்த வண்டியிலும் இப்படி நாலு குடும்பமாவது இருக்கும். மஞ்சள் உறை, போர்வை மூட்டை, பயம்.

1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்தில் கிளம்பி, இந்த வாலாஜா ரோட்டோடு நின்றுவிட்டது. மேற்கே பாதை போட்டதெல்லாம் பிறகுதான். ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியசாலை தொடங்கினார். இன்று அஸ்ஸாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜனங்கள் காட்பாடியில் வந்து இறங்குவது அதனால்தான். பிரசவ வேதனையில் கிடந்த மூன்று பெண்களுக்காக ஒரே இரவில் மூன்று ஆண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டிய கதையை, இந்தப் பக்கம் ஓய்வுநாள் பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளையும் தூக்கத்தில்கூடச் சொல்லும். நான் இந்த முறை போனது அந்த வைத்தியசாலை வளர்ந்து உருவான சி.எம்.சி.க்கு இல்லை. என் பெரியம்மாவுக்குச் செருப்பு வாங்க.

தோல் பதனிட்டு, ஷூ தைத்து, உலகத்துக்கே அனுப்புகிற பூமி இது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகையில் வரிசையாகத் தோல் ஷாப்புகள், ஷூ கம்பெனிகள். அப்படிப்பட்ட ஊரில் இருப்பவருக்குச் செருப்பு வாங்க மெட்ராஸிலிருந்து ஆள் வரவேண்டுமா என்று கேட்கலாம். அவர் கால் அப்படி.

பெரியம்மா மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். ஓய்வு பெற்றுப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. காட்பாடி காந்தி நகரில் தனியாக இருக்கிறார். சர்க்கரை அவருக்குப் பழைய சிநேகிதம். சில மாதங்களுக்கு முன்பு, வார் அறுந்த செருப்பைத் தெருமுனையில் கொடுத்து ஆணி அடித்து வாங்கியிருக்கிறார். ஆணி அடித்தட்டைத் துளைத்து மேலே வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டே மார்க்கெட், கோயில், பாங்க் என்று ஒரு பகல் முழுக்க நடந்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, பூனை எதையோ கடித்துக் கொண்டுவந்து போட்டிருக்கிறது என்று நினைத்துத் துடைத்தாராம். துடைத்த இடத்திலேயே மறுபடி ரத்தம்.

"வலிக்கலையா பெரிம்மா?" என்று போனில் கேட்டேன்.

"வலிச்சிருந்தா தெரிஞ்சிருக்காதா கண்ணு?" என்றார்.

புண் ஆற இரண்டு மாதம் பிடித்தது. இனி சாதாரணச் செருப்பே கூடாது, எம்.சி.ஆர். செருப்புதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் காலை அளவெடுத்துச் செய்து தருவார்கள் என்று கோயிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "சனிக்கிழமை வந்துடு. ஞாயிறு அறுப்பின் பண்டிகை. இருந்து பார்த்துட்டுத் திங்கக்கிழமை போலாம்" என்று உத்தரவு வந்தது. டீச்சர் உத்தரவு.

திருவலத்துக்கு முன்னால் பொன்னை ஆற்றுப் பாலத்தில் வண்டி நிதானமாக ஊர்ந்தது. கீழே மணல், நடுவில் ஓடைபோல் கொஞ்சம் தண்ணீர். பெரியவர் எட்டிப் பார்த்து, பெயரில்தான் ஆறு என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார். கங்கைக்கரைக்காரருக்கு நான் என்ன சமாதானம் சொல்வது.

அன்று இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். இருப்பது இரண்டு பேர். இருந்தாலும் பாய் விரித்து, விளக்கைக் குறைத்து, முறைப்படிதான். சங்கீதத்தில் ஒன்று வாசித்த பிறகு பெரியம்மா ஜெபிக்கத் தொடங்கினார். அவர் ஜெபத்தில் விண்ணப்பம் குறைவு, ஸ்தோத்திரம் அதிகம். அதுவும் மொத்தமாக இல்லை, சில்லறை சில்லறையாக. பையன் பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு ஸ்தோத்திரம். மாவு பொங்கியதற்கு ஸ்தோத்திரம். காலையில் கரண்ட் போனாலும் மோட்டார் போட்ட பிறகு போனதற்கு ஸ்தோத்திரம். மாடி வீட்டுப் பெண்ணுக்கு ஷூ கம்பெனியில் ஓ.டி. கிடைத்ததற்கு ஸ்தோத்திரம். கடைசியில், ஆணிக்கு ஸ்தோத்திரம்.

கண்ணைத் திறந்துவிட்டேன். ஆமென் சொன்ன பிறகு கேட்டேன்.

"ஆணிக்கு எதுக்கு?"

"அது ஏறலைன்னா கால் மரத்துப்போனது எனக்குத் தெரிஞ்சிருக்குமா? கொதிக்கிற தண்ணியில கால வெச்சப்புறம் தெரிஞ்சா?" என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டினார்.

எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லும் வழக்கத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. துயரத்தில் இருப்பவரிடம் போய், 'இதுக்கும் நன்றி சொல்லுங்க' என்று அறிவுரை சொல்பவர்களைக் கண்டால் எழுந்து போய்விடுவேன். பெரியம்மா யாரிடமும் அதைச் சொல்வதில்லை. தன் கணக்கில் மட்டும் எழுதிக்கொள்கிறார்.

சமையலறையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் அளந்ததிலிருந்து ஒரு பிடி எடுத்து பாட்டிலில் போடுவார். கைப்பிடி அரிசி. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். காசு இல்லாத வீட்டுப் பெண்கள் கணவன் கையை எதிர்பார்க்காமல் கொடுத்த காணிக்கை. நிறைந்ததும் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். பத்து வீட்டு அரிசி ஒன்றாகச் சேரும்போது அதில் பொன்னியும் இருக்கும், ரேஷனும் இருக்கும். சோறாக வடித்தால் ஒன்று குழைந்து ஒன்று விறைத்து நிற்கும். "இட்லிக்கு அதை அடிச்சுக்க முடியாது" என்றார் பெரியம்மா. கோயிலில் அந்த அரிசியை ஏலம் விடும்போது அவரே எடுக்கிறவர்.

ஞாயிறு காலை கோயில் வாசலில் இரண்டு பக்கமும் கரும்பு கட்டியிருந்தார்கள். உள்ளே பீடத்துக்கு முன்னால் வாழைத்தார், பூசணி, சுரைக்காய், தேங்காய்க் குலை, நெல் மூட்டை ஒன்று, கால் கட்டிய சேவல் இரண்டு. பிரசங்கம் முழுக்க அந்தச் சேவல்கள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தன.

இந்தப் பண்டிகைக்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. 1853-ல் உருவான ஆற்காடு மிஷனின் சபைகளில் பாதிக்கு மேல் கிராமத்துச் சபைகள். சேரி ஜனங்கள், கூலிக்குப் பயிர் செய்தவர்கள். சம்பளம் தானியமாகவே வந்த காலம். அதனால் காணிக்கையும் தானியமாக வந்தது. காட்பாடியில் மிஷனே விவசாயப் பண்ணை நடத்தியது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்தச் சபைகளும் அதில் சேர்ந்தன. அறுப்பின் பண்டிகையும் கூடவே வந்துவிட்டது.

ஆனால் இன்று அறுப்பு எங்கே? பாலாற்றங்கரையில் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியது. நிலம் உப்புப் பூத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேர்பிடிக்க உதவிய தீர்ப்புகளில் இது முக்கியமானது. அதே தோலும் ஷூவும்தான் இந்தச் சபைகளின் பாதிக் குடும்பங்களுக்குச் சோறும். முன்வரிசை வாழைத்தார் மார்க்கெட்டில் வாங்கியது என்று பெரியம்மா காதில் சொன்னார். நெல் மூட்டை மட்டும் அசல். குடியாத்தம் பக்கத்து மாமியார் வீட்டிலிருந்து ஒருவர் கொண்டுவந்தது.

ஆயர் எடுத்துக்கொண்ட பகுதி லூக்கா 17. பத்துக் குஷ்டரோகிகள் சுகமாகிறார்கள். ஒருவன் மட்டும், அதுவும் சமாரியன், நன்றி சொல்லத் திரும்பி வருகிறான். மற்ற ஒன்பது பேர் எங்கே? அறுப்பின் பண்டிகைக்கு இதைவிட வாகான பகுதி கிடையாது. சின்ன வயதிலிருந்து எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த ஒன்பது பேரை எல்லா ஆயரும் திட்டுவார்கள். இவரும் திட்டினார். மறுநாள் கரிகிரிக்குப் போகவேண்டியிருந்ததாலோ என்னவோ, எனக்கு அந்த ஒன்பது பேர்மேல் பாவமாக இருந்தது.

அறிவிப்பு நேரத்தில் செக்ரட்டரி ஸ்தோத்திரக் காணிக்கைப் பட்டியலை வாசித்தார். என்னைக் கேட்டால் ஆராதனையில் எழுதப்படாத சங்கீதம் இதுதான். மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்ததற்காக ஒரு குடும்பம், 1000 ரூபாய். விபத்தில் பைக் போனாலும் பிள்ளை பிழைத்ததற்காக, 500. பத்து வருஷமாகப் பேசாத அண்ணன் பேசியதற்காக ஒரு சகோதரர், 200. பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி, காரணமும் சொல்ல விரும்பவில்லை, 50. அந்த ஐம்பது ரூபாயை வாசிக்கும்போது செக்ரட்டரி குரலைக் கொஞ்சம் இறக்கினார். ஊர் பூராவும் தெரிந்த காரணமாக இருக்க வேண்டும்.

வெளியே பந்தலில் ஏலம் தொடங்கியது. நெல் மூட்டை சீக்கிரம் போய்விட்டது. சேவலுக்கு இரண்டு மச்சான்கள் மோதிக்கொண்டார்கள். பிறகு வந்தது ஒரு ஜோடி குழந்தை ஷூ. சிவப்புத் தோல், உள்ளங்கை நீளம். பெரியம்மா வீட்டு மாடிப் பெண் வைத்தது. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் லைனில் இருக்கிறாள். வெட்டித் தள்ளிய துண்டுத் தோலைக் கேட்டு வாங்கி வந்து, வீட்டுத் தையல் மிஷினில் அவளே தைத்திருக்கிறாள். அவள் அறுப்பு அது. நூறில் தொடங்கி, ஒரு தரம், ரெண்டு தரம் என்று ஏறி 1600 ரூபாயில் நின்றது. எடுத்தவர் வீட்டில் குழந்தை கிடையாது. எடுத்த கையோடு அதை மறுபடி ஏலத்துக்கே கொடுத்துவிட்டார். ஒரு ஜோடி ஷூ மூன்று கை மாறி, கடைசியில் அந்தப் பெண்ணிடமே வந்து சேர்ந்தது. வெட்கத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை ஆட்டோவில் கரிகிரி. கரி யானை, கிரி மலை. ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் 1955-ல் வந்தபோது இது பொட்டல் காடு, பாறை, முள். கல்லில் குழி பறித்து மரம் வைத்து வளர்த்ததில் பெரும்பங்கு எர்னஸ்ட் ஃப்ரிட்ஷி என்ற அறுவை மருத்துவருடையது. இப்போது உள்ளே நுழைந்ததும் வெயில் ஒரு படி இறங்குகிறது. வண்டிச் சத்தத்தை மீறிப் பறவைச் சத்தம்.

இந்த இடத்திலிருந்து பிரிக்கமுடியாத இன்னொரு பெயர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர், பெற்றோர் மிஷனரிகள். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். மறு வருஷம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனவர், விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது. விரலை விரிக்கும் சின்னத் தசைகள் செத்திருக்கின்றன, மடக்கும் பெரிய தசைகள் நன்றாக இருக்கின்றன. அப்படியானால் நல்ல தசைநாண் ஒன்றைத் திருப்பிப் பொருத்தினால் கை விரியுமே என்று அங்கேயே தோன்றியதாம். பொருத்தினார். விரிந்தது.

அதற்குப் பிறகு வந்த சிக்கல்தான் எனக்கு அந்த ஒன்பது பேரை நினைவுபடுத்தியது. கை சரியான சில நோயாளிகள் திரும்பி வந்து, இந்தக் கையை வைத்துக்கொண்டு பிச்சைகூடக் கிடைக்கவில்லை என்று அவரிடம் குறைப்பட்டார்கள். மடங்கிய கைக்குக் காசு விழுந்தது. நேரான கைக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகுதான் சி.எம்.சி. கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் கட்டி, அவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். லூக்காவின் ஒன்பது பேரும் வேலை தேடி அலைந்துகொண்டிருந்திருக்கலாம். ஆயரிடம் சொன்னால் அடுத்த வருஷப் பிரசங்கத்துக்கு ஆகும்.

தொழுநோயில் விரல் தானாக அழுகி உதிர்கிறது என்றுதான் அதுவரை உலகம் நினைத்திருந்தது. பிராண்டும் அவர் குழுவும் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். துருப்பிடித்த பூட்டில் பிராண்டால் திருப்பமுடியாத சாவியை ஒரு சிறுவன் சுலபமாகத் திருப்பிக் கொடுத்தான். பார்த்தால் அவன் விரல் எலும்புவரை கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. நிலையத்தில் இரவு படுத்தவர்களுக்குக் காலையில் விரலில் சதை குறைந்திருந்தது. விழித்திருந்து பார்த்தபோது, எலி கடித்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் வீட்டுக்குப் போகும் நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு பூனை கொடுத்து அனுப்பினார்கள். உதிர்த்தது கிருமி இல்லை. கிருமி செய்ததெல்லாம் நரம்பைக் கொன்று வலியைத் திருடியதுதான். மிச்சத்தை நெருப்பும் முள்ளும் எலியும் நடையும் பார்த்துக்கொண்டன.

பிராண்டுக்கே ஒரு இரவு வந்தது. நீண்ட ரயில் பயணம் முடிந்து லண்டனில் ஒரு அறையில் காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், ஆழமாகக் குத்தினார், ரத்தம் வந்தது, வலி வரவில்லை. நமக்கும் வந்துவிட்டது என்று விடிய விடியக் கிடந்தார். மனைவி, பிள்ளைகளை விட்டு விலகி வாழவேண்டியதைக்கூட நினைத்துவிட்டார். காலையில் மறுபடி குத்தினார். அலறிவிட்டார். கால் மரத்திருந்தது, அவ்வளவுதான். அன்று கடவுளுக்கு அவர் சொன்ன நன்றி, வலித்ததற்கு. பிறகு வலி ஒரு கொடை என்று புத்தகமே எழுதினார்.

இதைப் படித்த வயதில் எனக்கு அது சாமர்த்தியமான பேச்சாகத் தோன்றியது. பெரியம்மாவைப் பரிசோதித்த அறையில் உட்கார்ந்திருந்தபோது அப்படித் தோன்றவில்லை.

ஒரு இளம்பெண் நைலான் இழை ஒன்றை எடுத்தார். தூண்டில் நரம்பு மாதிரி, விரல் நீளம். "பாட்டிம்மா, கண்ணை மூடிக்குங்க. நான் தொடறப்போ ஆமான்னு சொல்லுங்க." பெரியம்மா கண்ணை மூடினார். அறுபது வருஷப் பழக்கம், மூடிய உடனே கையும் தானாகக் கூம்பிவிட்டது. இழை பாதத்தின் நடுவளைவில் வளைந்தது. "ஆமா." பெருவிரலடியில் வளைந்தது. மௌனம். சுண்டுவிரலடி. மௌனம். குதிகால். மௌனம். மின்விசிறிச் சத்தம் மட்டும். அந்தப் பெண் கையை எடுத்துக் காத்திருந்தபோது பெரியம்மா மெதுவாக "ஆமா" என்றார். யாரும் தொடவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

செருப்புச் செய்யும் பட்டறையில் ரப்பர் பசை வாசனை. எம்.சி.ஆர். என்பது நுண்துளைகள் நிறைந்த மெத்து ரப்பர். கட்டைவிரலால் அமுக்கினால் உள்வாங்கி மறுபடி எழும். நடக்கும்போது ஒரே இடத்தில் விழும் பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும். அதற்கு அடியில் முள் ஏறாதபடி கெட்டி ரப்பர். நழுவாமல் இருக்கக் குதிகாலுக்குப் பின்னால் வார். இறுக்கத் தளர்த்த ஒட்டுப்பட்டி. எல்லாம் பசையும் தையலும்தான். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. தொழுநோயாளியின் காலுக்காக உண்டான செருப்பு இன்று சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் ஆகிறது. கூட்டு மருந்து சிகிச்சை வந்த பிறகு தொழுநோய் அடங்கிவிட்டது. 2005 முடிவில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைத் தாண்டிவிட்டதாக இந்தியா அறிவித்தது. புது நோயாளிகள் இன்றும் வருகிறார்கள், ஆனால் சர்க்கரைதான் இப்போது வீட்டுக்கு வீடு.

பெரியம்மா காகிதத்தின்மேல் நின்றார். பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தார்கள். "கலர் இருக்கா தம்பி?" என்று கேட்டார். கறுப்பும் பழுப்பும் இருந்தன. பழுப்பு சொன்னார், கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகும் சேலைகளுக்கு அதுதான் பொருந்துமாம். கிளம்பும் முன் அந்த இளம்பெண் சொல்லி அனுப்பியது மூன்று: வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, செருப்பைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், தினமும் ராத்திரி பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது காந்தி நகர் வீட்டில் பைபிளுக்குப் பக்கத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறது. எட்டு மணி ஜெபம் முடிந்ததும் மாடிப் பெண் இறங்கி வந்து டார்ச் அடிக்கிறாள், பெரியம்மா பார்க்கிறார். உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ளவர் யாராவது இருந்தால், வலிக்கிறது என்று அவர் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். இன்று ராத்திரியே அவர் உள்ளங்காலை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.